உங்கள் பாஸ்வேர்டு உங்களுடையது மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வரிசையாக வந்து யூசர்நேமும் தற்காலிக பாஸ்வேர்டும் அச்சிட்ட சீட்டை வாங்கிக்கொள்வார்கள். கூடவே கொடுக்கும் மூன்று பக்க விதிமுறைப் படிவத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த மூன்று பக்கத்தையும் யாரும் படிப்பதில்லை. பேராசிரியர்களும் படிப்பதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை ஏன் எழுதினோம் என்று எதிரில் உட்கார்ந்து பேசுவது போல ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வாசகர்களில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். காலையில் மையத்தைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தொலைபேசி விடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இறுதியாண்டு மாணவி ஒருவரின் கல்லூரி மின்னஞ்சலில் இருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு, கல்லூரியில் கிட்டத்தட்ட நானூறு பேருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, இன்று மாலைக்குள் இந்த லிங்க்கில் வங்கி விவரத்தைப் பதிவு செய்யுங்கள் என்று. அனுப்பியவர் தெரிந்த பெண், முகவரி கல்லூரி முகவரி, யாருக்குச் சந்தேகம் வரும்? நாங்கள் அந்தக் கணக்கை முடக்குவதற்குள் பதினாறு பேர் எல்லா விவரத்தையும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் மையத்துக்கு ஓடி வந்தபோது முகமே வெளுத்துப் போயிருந்தது. விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரிகள் கிடைக்கும் என்று ஏதோ ஒரு தளத்தில் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார், மறக்காமல் இருக்கட்டும் என்று கல்லூரிக் கணக்கின் பாஸ்வேர்டையே அங்கேயும் போட்டிருக்கிறார். அந்தத் தளத்தில் இருந்து அது யார் கைக்கோ போய்விட்டது.

அன்று அவர் அழுதுகொண்டே என்னிடம் கேட்டார்: "சார், என் அக்கவுண்ட்ல என்ன இருக்கு? நாலு அசைன்மென்ட், ஒரு ஹால் டிக்கெட். இதைத் திருடி யாருக்கு என்ன லாபம்?"

இந்தக் கேள்வியை நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். பேராசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை, அதனால் எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்ற எண்ணம்தான் கல்லூரிகளில் நடக்கிற பாதிக் கோளாறுக்கு வேர் என்பது என் கருத்து. உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திருடுகிறவன் பார்ப்பதே இல்லை. உங்கள் பெயரை மற்றவர்கள் நம்புகிறார்கள் அல்லவா, அது அவனுக்குப் போதும். அதோடு, கல்லூரிக் கணக்கு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரிகளும் அடங்கிய பட்டியல் கிடைக்கும், நூலகம் சந்தா கட்டி வாங்கும் ஆய்விதழ்கள் கிடைக்கும், பல இடங்களில் வெளியில் இருந்தபடியே உள் நெட்வொர்க்குக்குள் நுழையவும் வழி கிடைக்கும். உங்கள் பெயரில் கொடுத்திருந்தாலும் அது கல்லூரியின் வாசல் சாவி.

வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. அதன்படி அவர்கள் 2013 முதல் அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களையும், மற்ற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களையும் குறிவைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர்களின் கணக்குகளுக்கு வலை விரித்ததில் ஏறத்தாழ 8,000 கணக்குகள் சிக்கின. இதற்கு அவர்களுக்குப் பெரிய தொழில்நுட்ப வித்தை எதுவும் தேவைப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவது போல ஒரு மின்னஞ்சல்: உங்கள் கட்டுரையைப் படித்தேன், நன்றாக இருந்தது, இதே துறையில் இன்னும் சில கட்டுரைகள் பாருங்கள் என்று லிங்க். அழுத்தினால் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். ஏதோ லாக்-அவுட் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவர் பாஸ்வேர்டைத் தட்டுவார். அவ்வளவுதான். ஏமாந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள், பலர் தங்கள் துறையில் பெயர் பெற்றவர்கள். அதனால் ஃபிஷிங்கில், அதாவது இப்படிப்பட்ட போலி மின்னஞ்சல் வலையில், மாட்டிக்கொண்டவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

லாகின் பக்கம் அச்சு அசலாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பயன் இல்லை. அசலை அப்படியே நகல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். மேலே முகவரிப் பட்டையில் இருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும், அதையும் இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாந்துவிடுவோம். https:// என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நின்று, அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எந்தப் பெயர் என்று பின்னோக்கிப் படியுங்கள். அந்த வால் பகுதிதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். அதற்கு முன்னால் உங்கள் கல்லூரிப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பூட்டு, இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது, எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று சொல்வதில்லை. திருடனின் தளத்துக்கும் பூட்டு உண்டு. இதெல்லாம் குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மின்னஞ்சலில் வந்த லிங்க் வழியாக எந்த லாகின் பக்கத்துக்கும் போகாதீர்கள். நீங்களே முகவரியைத் தட்டியோ, சேமித்து வைத்திருக்கும் புக்மார்க்கிலிருந்தோ போங்கள்.

அடுத்து, பேராசிரியர்கள் கொஞ்சம் மனம் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண் ஏற்ற நேரம் இல்லை, வருகைப் பதிவு பத்து வகுப்புக்குப் பாக்கி இருக்கிறது என்று, வகுப்பில் நம்பிக்கையான ஒரு மாணவரைக் கூப்பிட்டு, "இந்தாப்பா என் பாஸ்வேர்டு, நீயே போட்டுவிடு" என்று கொடுத்துவிடுகிறார்கள். அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் அதை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் எங்கே இருக்கிறது? அவருடைய அறைத் தோழர் பார்த்தாரா? பாஸ்வேர்டைப் பகிர்ந்த நாளில் எந்தக் கெடுதலும் நடக்காது. ஆறு மாதம் கழித்து, எல்லோரும் மறந்த பிறகு, யாரோ ஒருவரின் மதிப்பெண் மாறியிருக்கும். சர்வரின் பதிவேட்டில் பேராசிரியரின் பெயர்தான் இருக்கும், அவர் அன்று ஊரிலேயே இல்லை என்றாலும் அதுதான் இருக்கும். அப்புறம் பழி முதலில் விழுவது அந்த நம்பிக்கையான மாணவர் மேல். தன் வேலையை எளிதாக்கிக்கொள்ள ஒருவரைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது எந்த விதத்திலும் நியாயமில்லை. உதவியாளர் தேவை என்றால் எங்களிடம் கேளுங்கள், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு உருவாக்கித் தருகிறோம். வேலை முடிந்ததும் அதை மூடிவிடலாம்.

மாணவர்களுக்கும் இதே பேச்சுதான். நட்பு என்றால் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. சொல்லவில்லை என்றால் நம்பவில்லை என்று அர்த்தமாம். நட்பு முறிந்த பிறகு அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், கேட்கிறவரிடம் தயங்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கல்லூரி விதி அனுமதிக்காது என்று எங்கள் தலையில் பழியைப் போடுங்கள். அதற்காகத்தான் விதியே இருக்கிறது.

சரி, எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைப்பது? இதில் மனிதர்கள் மாறவே இல்லை என்பது ஆச்சரியம். 1979ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பயன்பாட்டில் இருந்த 3,289 பாஸ்வேர்டுகளை எடுத்துச் சோதித்ததில் 2,831 எளிதில் பிடிபட்டன, அதாவது 86 சதவீதம். ஒரே ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்தவர்கள் பதினைந்து பேர் இருந்திருக்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் மிகக் குட்டையானவை, அல்லது அகராதிச் சொற்கள், பெயர்கள். அதன் பிறகு ஒன்பது வருடம் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, அதே மாரிஸின் மகன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது ஒரு கணினிக்குள் புகுந்ததும் அங்கே இருப்பவர்களின் பாஸ்வேர்டுகளை ஊகித்துப் பார்க்கும்: யூசர்நேம் அப்படியே, யூசர்நேம் இரண்டு முறை, பெயர், பெயரைத் திருப்பிப்போட்டு, அதற்கப்புறம் கூடவே கொண்டுவந்த 432 சொற்கள். அதில் ஒன்று பொருந்தினால் அந்த நபருக்கு வேறு எந்தக் கணினிகளில் கணக்கு இருக்கிறதோ அங்கேயும் போய்ப் பார்க்கும். ஊகிப்பது அதன் வழிகளில் ஒன்றுதான், மென்பொருள் ஓட்டைகளையும் அது பயன்படுத்தியது. அன்றைய இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் திணறிப்போயின என்று மதிப்பிட்டார்கள், அவற்றில் நிறைய பல்கலைக்கழகங்களில் இருந்தவை. தகப்பனார் எந்தப் பலவீனத்தை எழுதி எச்சரித்தாரோ அதன் வழியாகவே மகனின் நிரல் ஓடியது. ஒருவரின் சோம்பேறிப் பாஸ்வேர்டு அடுத்தவரின் கணினியை எப்படித் தொடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

2009ல் ராக்யூ என்ற நிறுவனத்தில் இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்களாம். அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இப்படிக் கசிந்த பட்டியல்கள் எல்லாம் இன்று திருடர்களிடம் இருக்கின்றன. ஆகவே "புத்திசாலித்தனமாக" ஓர் எழுத்தை எண்ணாக மாற்றுவது, கடைசியில் ஆச்சரியக்குறி போடுவது எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நீளம்தான் உதவும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து ஒரு நீண்ட தொடராக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, பதிவு எண், செல்லப் பெயர், பிடித்த நடிகர் பெயர், இதெல்லாம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றச் சொல்லும் பழக்கம் இன்னும் பல கல்லூரிகளில் இருக்கிறது. எங்கள் மையத்திலும் இருந்தது, நானே அதை வற்புறுத்தியிருக்கிறேன். கடைசியில் என்ன ஆகிறது, முடிவில் இருக்கும் 1ஐ 2 ஆக்குகிறார்கள், 2ஐ 3 ஆக்குகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017ல் தன் வழிகாட்டியைத் திருத்தி, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டது. அது சரியான மாற்றம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு இடத்தில் வைத்ததை இன்னொரு இடத்தில் வைக்காமல் இருப்பது. அந்த மாணவிக்கு நடந்தது பெரிய நிறுவனத்திலும் நடந்திருக்கிறது. 2012ல், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்க உதவும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் பயனர் விவரங்கள் திருடுபோனதற்கு, அங்கே வேலை பார்த்த ஒருவர் வேறு தளத்தில் பயன்படுத்திய பாஸ்வேர்டையே அலுவலகத்திலும் வைத்திருந்ததுதான் காரணம். இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்றால், வைக்க முடியாது, யாராலும் முடியாது. பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலியைப் பயன்படுத்துங்கள். அது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாகப் பூட்டி வையுங்கள். எழுதவே கூடாது என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் ஒரே பாஸ்வேர்டுக்குத் தள்ளிவிட்டோம். வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டை எங்கோ வேறு கண்டத்தில் இருக்கும் திருடன் படிக்க முடியாது. மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு வேறு விஷயம், தயவுசெய்து அதை இன்றே கிழித்துவிடுங்கள்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு போனில் ஒரு எண்ணோ ஒப்புதலோ கேட்பது, உங்கள் கல்லூரியில் இருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். தொந்தரவுதான், ஆனால் பாஸ்வேர்டு போய்விட்ட பிறகும் கதவு திறக்காமல் தடுக்கும் ஒரே தாழ்ப்பாள் பலருக்கு அதுதான். ஒன்று கவனியுங்கள், நீங்கள் லாகின் செய்யாதபோது போனில் "அனுமதிக்கவா" என்று கேட்டால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் போனுக்குத் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தான், ஒரு கட்டத்தில் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். தூக்கக் கலக்கத்தில் சரி என்று அழுத்திவிடாதீர்கள். இல்லை என்று அழுத்திவிட்டு, காலையில் எழுந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எங்களிடம் வாருங்கள். கணினி மையத்தில் இருந்து பேசுகிறோம் என்று யாராவது ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம், எங்களுக்கு அது தேவையே இல்லை.

லேப் கணினிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலையில் லேப்பைப் பூட்டும் முன் ஒரு சுற்றுச் சுற்றினால் தினமும் நாலைந்து பேருடைய மின்னஞ்சல் திறந்தே கிடக்கும். டேபை மூடினால் லாக்-அவுட் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. பொதுக் கணினியில் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும்போது பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உட்காரும்போது கீபோர்டின் வயர் கணினியில் சேரும் இடத்தை ஒருமுறை பாருங்கள், நடுவில் சின்னதாக ஏதாவது சொருகியிருந்தால் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் தட்டுவதை எல்லாம் பதிவு செய்யும் கருவிகள் அந்த அளவில்தான் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து போனாலும் விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

பென் டிரைவ் என்றால் எங்களுக்குத் தனி வயிற்றெரிச்சல். ஒரு காலத்தில் ஷார்ட்கட் வைரஸ் லேப் லேப்பாகப் பரவியது. டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், உண்மையான ஃபைல்கள் மறைந்திருக்கும், பதறிப்போய் அந்த ஷார்ட்கட்டை அழுத்தினால் அந்தக் கணினிக்கும் தொற்றிக்கொள்ளும். எத்தனை பேர் ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் முந்தைய நாள் அழுதிருக்கிறார்கள். கீழே கிடந்து எடுத்த டிரைவை மட்டும் தயவுசெய்து எங்கேயும் சொருகாதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே 297 டிரைவ்களை அங்கங்கே போட்டு வைத்து என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள், 2016ல் அந்த ஆய்வு வெளியானது. 98 சதவீத டிரைவ்கள் கிடந்த இடத்தில் இல்லை, குறைந்தது 45 சதவீத டிரைவ்களில் இருந்த ஃபைல்களை யாரோ திறந்திருக்கிறார்கள். யாருடையது என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நல்லெண்ணத்தில்தான் பலர் திறந்தார்களாம். அந்த நல்லெண்ணத்தோடு டிரைவை எங்கள் மேஜையில் கொண்டுவந்து வையுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கிராக் செய்த மென்பொருளும் இதே வகைதான். நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று அது சொல்கிறது, நீங்களும் அணைக்கிறீர்கள். இதற்கு மேல் அதற்கு என்ன வேண்டும்?

அப்டேட் கேட்டால் "பிறகு நினைவூட்டு" என்பதையே மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. வானாக்ரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது மே 12 அன்று. நடுவில் 59 நாட்கள். அந்த 59 நாட்களில் ஒருநாள் அப்டேட்டைப் போட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தவர்கள் தப்பித்தார்கள். செய்யாத கணினிகள் பலவற்றில் இருந்த ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டு, திரையில் பணம் கேட்டு நின்றது. அப்புறம் பேக்கப். மூன்று வருட ஆராய்ச்சியை ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. இன்னொரு பிரதி வேண்டும், அது எப்போதும் கணினியோடு சொருகியே இருக்கக் கூடாது, ஏனென்றால் பூட்டுகிற வைரஸ் சொருகியிருக்கும் டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும்.

ஒரு கல்லூரிக்கு இதனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் 1865ல் தொடங்கிய லிங்கன் கல்லூரி, இரண்டு உலகப் போர்களையும் தாண்டி வந்த கல்லூரி, 2022 மே மாதம் நிரந்தரமாக மூடப்பட்டது. கொரோனாவால் மாணவர் சேர்க்கை சரிந்து ஏற்கெனவே பணக் கஷ்டத்தில் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. அந்த நிலைமையில் 2021 டிசம்பரில் ரான்சம்வேர், அதாவது இப்படிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. சேர்க்கை, நிதி திரட்டல் சம்பந்தமான தகவல்கள் எதையும் பார்க்க முடியாமல் போய், 2022 மார்ச்சில்தான் மீட்டெடுத்தார்கள். அதற்குள் அடுத்த வருடத்துக்குப் போதுமான மாணவர்கள் இல்லை என்பதைக் கணிக்க வேண்டிய காலமே கடந்துவிட்டது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2019 அக்டோபர் 15 அன்று ஒரு ஃபிஷிங் மின்னஞ்சலில் இருந்த லிங்க்கை ஊழியர் ஒருவர் திறந்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் அவசரப்படாமல் ஒவ்வொரு சர்வராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 23 அன்று, விடுமுறைக் காலமாகப் பார்த்து, 267 சர்வர்களைப் பூட்டினார்கள். 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ, கொடுத்துத்தான் பல்கலைக்கழகம் மீண்டது. பாராட்ட வேண்டியது என்னவென்றால், அவர்கள் அதை மூடி மறைக்காமல், எங்கே தவறினோம் என்ற அறிக்கையை அடுத்த பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் முன்னால் வைத்தார்கள். க்ளிக்குக்கும் தாக்குதலுக்கும் இடையே 69 நாட்கள் இருந்தன. எப்போதும் இவ்வளவு அவகாசம் கிடைக்காது, ஆனால் தவறு நடந்த நிமிடத்துக்கும் நஷ்டம் வரும் நிமிடத்துக்கும் நடுவில் கொஞ்சமாவது நேரம் இருக்கும். அந்த நேரத்தில் எங்களுக்குத் தகவல் வந்தால் கணக்கை முடக்கலாம், கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கலாம், அதே மின்னஞ்சலை மற்றவர்களின் பெட்டியில் இருந்து எடுத்துவிடலாம்.

ஆனால் தகவல் வருவதில்லை. இதுதான் என் பெரிய ஆதங்கம், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்த மாணவி அன்று காலையில் ஓடி வந்தார் என்று சொன்னேன். முந்தைய நாள் மாலையே, தெரியாத கருவியில் இருந்து உங்கள் கணக்கில் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை அவருக்கு வந்திருக்கிறது. பார்த்திருக்கிறார், பயந்திருக்கிறார், சொன்னால் திட்டுவார்கள், கணக்கை எடுத்துவிடுவார்கள், வைவா நேரத்தில் வேறு பிரச்சினை வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன வருடங்களில் இப்படி வந்து சொன்ன பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, பெற்றோரைக் கூட்டி வா என்று சொன்னவர்கள் நாங்கள்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற பிள்ளைகள் வாயை மூடக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள்: தானாக வந்து சொன்னவரைத் தண்டிக்காதீர்கள், அதை விதிமுறைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் முதல் பாஸ்வேர்டாகக் கொடுத்துவிட்டுப் பிறகு மாணவர்கள் பொறுப்பில்லாமல் இருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். படித்து முடித்துப் போனவர்களின் கணக்குகளையும் ஓய்வு பெற்றவர்களின் கணக்குகளையும் வருடக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள், அவற்றில் யார் நுழைந்தாலும் கவனிக்க ஆள் இல்லை. "உடனே இந்த லிங்க்கை அழுத்துங்கள், இல்லையென்றால் அபராதம்" என்று நீங்களே சுற்றறிக்கை அனுப்பினால் அசல் எது போலி எது என்று பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது: ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று தோன்றினால் ரூமுக்குப் போய் யோசிக்க வேண்டாம், நேராக மையத்துக்கு வாருங்கள், அல்லது போன் செய்யுங்கள். சந்தேகம் மட்டும்தான் என்றாலும் வாருங்கள். வீண் அலாரமாக இருந்தால் எங்களுக்கு ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதான். கணினியை அணைத்துவிடாதீர்கள், ஃபைல்களை அழித்துத் தடயத்தை மறைக்காதீர்கள், வயரையோ வைஃபையையோ மட்டும் துண்டியுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அந்த மாணவியின் கணக்கை மூன்றே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் அனுப்பிய உண்மையான மின்னஞ்சலைக்கூட வகுப்பில் பலர் திறக்கவில்லை. ப்ராஜெக்ட் குழுவுக்கு அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டு, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருடம் சீட்டு கொடுக்கும்போது அவருடைய கதையைப் பெயர் சொல்லாமல் புதிய மாணவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் சார், முந்தின நாளே வந்திருந்தால் அந்தப் பதினாறு பேர் தப்பித்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரிக் கணினி மைய ஊழியர்